ஆரவாரமும் மொழிப்பயிற்சியும்

தமிழ்ப்பள்ளிகளில் மலாய்மொழி கற்பிக்கும் முறை பற்றிப் பேசுவோர் 'டிடிக் ஹிபூர்' என்னும் தொடரைப் பெரிதும் வழங்குகின்றனர். மகிழ்வித்துக் கற்பித்தல் என்பது அதன் பொருள். 2011-இல் முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் பாட்டு, நடிப்பு, கதை, செய்யுள் ஆகியவற்றை மொழிக்கலை என்னும் பெயரால் மலாய்ப் பாடத்தினுள்ளும் ஆங்கிலப் பாடத்தினுள்ளும் அமைத்தது. அதற்குமுன் பாட்டும் கூத்தும் இல்லாமலில்லை. பாடம் முடிந்தபின் கிடைக்கும் மிட்டாய் போலப் பெரும்பாலும் அவை இருந்தன. பாடத்தின் உள்ளே அவற்றுக்கு இடம் கிடைத்தது நன்றே.

மலாய் இந்நாட்டின் மொழி. அதனை அயல்மொழி என்றல் பொருந்தாது. ஆயினும் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து முதலாம் ஆண்டில் கால்வைக்கும் குழந்தைக்கு அது புதுமொழியே. ஆறாம் ஆண்டின் முடிவில் அம்மொழியில் தேறாதவர் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேரிடுகிறது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டுக்குப் பொறுப்பு மிகுந்துவிட்டது. ஆகவே வகுப்பில் ஆரவாரம் உண்டு, மொழி உண்டா என்பது கேட்கத்தக்க வினா.

முப்பது பிள்ளைகள் கைதட்டிப் பாடும் மலாய்ப் பாட்டில் முன்வரிசையினர் ஐவர் பாட, ஏனையோர் வாயசைப்பது எந்தப் பள்ளியிலும் காணக்கூடியது. தாளை வெட்டி முகமூடி செய்யும் பாடவேளையில் கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் நடக்கும் வழக்கெல்லாம் தமிழிலேயே நடக்கிறது. (தமிழ்ப் பேச்சு இனியதே, அதற்கு வேறு பாடவேளை உண்டு.) முகமூடி அழகாக அமைந்துவிடும், அதனை அணிந்து பேசவேண்டிய இரண்டு வாக்கியங்களுக்கு நேரமிராது. புதுமொழியைப் பேசாமலே முடிக்கக்கூடிய விளையாட்டு கைவேலையாகலாம், உடற்பயிற்சியாகலாம், மொழிப்பயிற்சி ஆகாது.

பலரும் விரும்பும் கடை விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைக்கும் கிள்ளான் பிள்ளைக்கும் விலை கேட்கத் தெரியும். இரவுச் சந்தையில் தாயின் கைபிடித்து நடந்தபோதே கற்றுக்கொண்டது. அந்தச் சந்தை மலாயையே வகுப்பிலும் பேசவைத்தால் புதிதாக வந்தது யாது? மலாயில் எண்ணும் பெயரும் வெறுமனே சேர்வது எழுத்துவழக்கில் முறையன்று. முட்டைக்குச் 'செபீஜி', பென்சிலுக்குச் 'செபாத்தாங்', தாளுக்குச் 'செஹெலாய்' என்று பொருளின் வடிவுக்கேற்ற சொல் இடையில் வரவேண்டும். தமிழில் இக்கட்டாயம் இல்லை. சரியான சொல் வரும்வரை பொருளைக் கொடுக்கமாட்டேன் என்று கடைக்காரப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கட்டும். அப்போது விளையாட்டும் சூடுபிடிக்கும், மொழியும் வளரும்.

ஒலியின் செய்தி இதனினும் நுட்பமானது. 'பாராங்' என்று எழுதினால் அது வெட்டுக்கத்தியா, சரக்கா என்று தமிழ் எழுத்துக் காட்டாது. 'பாகி' காலைப்பொழுதா, கொடு என்னும் ஏவலா? மலாயில் அவை வெவ்வேறு எழுத்துகளால் தொடங்கும் வெவ்வேறு சொற்கள். தமிழிலோ வல்லினத்தின் மெலிந்த ஒலி, அது நிற்கும் இடத்தால் அமைவது, தனி எழுத்தன்று, தூய தமிழ்ச்சொல்லின் முதலில் வருவதுமன்று. கத்தியின் படத்தை ஒரு மூலையிலும் மூட்டையின் படத்தை மறுமூலையிலும் வைத்து, ஒரு பிள்ளை சொல்ல மற்றவர் ஓடட்டும். ஒலி பிசகினால் கூட்டம் பிழையான மூலைக்கு ஓடும். ஆசிரியர் வாய்திறக்க வேண்டியதில்லை; சொன்னவனே தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சொல்வான். அமெரிக்க உளநூலார் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறையும் ஏவலைக் கேட்டு உடலால் நிறைவேற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது. இங்கே ஏவும் வேலையும் பிள்ளையிடம் வருகிறது.

சொல்லட்டைகளை ஏந்திப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் விளையாட்டுக்கும் இத்தகைய பயன் உண்டு. தமிழில் 'நான் சோறு உண்கிறேன்'. மலாயில் வினை நடுவே வந்து 'சாயா மாக்கான் நாசி' ஆகிறது. சிவப்புப் புத்தகம் 'பூக்கு மேரா' என்று புத்தகத்தை முன்னே அனுப்புகிறது. வினையட்டை ஏந்திய பிள்ளை கடைசி இடத்தைவிட்டு நடுவுக்கு நடந்துசெல்லும்போது இலக்கணம் காலால் கற்கப்படுகிறது. தமிழாசிரியருக்கு இன்னொன்றும் சுவைக்கும்: 'தூலிஸ்' முன்னொட்டுப் பெற்று 'மெனூலிஸ்' ஆகும்போது முதலெழுத்துத் திரிகிறது, 'பாச்சா' 'மெம்பாச்சா' ஆகும்போது அது நிலைத்து நிற்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் பயிற்றியவர் இதனை விளக்குவதற்குப் பிறரிடம் கடன்வாங்க வேண்டுவதில்லை.

ஆங்கிலத்துக்கு 2018-இல் கேம்பிரிட்ஜ் வெளியீடான 'சூப்பர் மைண்ட்ஸ்' முதலாம் ஆண்டுப் பாடநூலாக வந்தபோது அயல்நாட்டு நூல் ஏன் என்னும் கேள்வி எழுந்தது. செயற்பாடுகளுக்கு அந்நூலில் பஞ்சமில்லை. ஆனால் மேற்சொன்ன இடர்கள் தமிழ்ப்பிள்ளைக்கே உரியவை. உலகுக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்ட நூல் அவற்றை அறியாது.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் மாணவர் குறைந்த பள்ளிகளை இரங்கத்தக்கவையாகக் கருதுவோர் பலர். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர் கொண்ட அத்தகைய பள்ளிகளில் சில வகுப்புகளில் எட்டுப்பேரே இருப்பர். பாடவேளை முடிவதற்குள் அவ்வெட்டுப் பேருக்கும் கடைக்காரராகும் முறை இருமுறை வந்துவிடும்; நாற்பது பேர் வகுப்பில் பலருக்கு அது ஒருமுறையும் வாராது.