கைதட்டு ஆட்டத்துக்கா, பாட்டுக்கா?

என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் ஒருவர் ஆல்பம் வெளியிட்டதும் கிளம்பும் முதல் புகார், ‘இனி ஆட்டத்தில் கவனம் இருக்காது’ என்பதுதான். அப்படிச் சொல்பவர்கள் 2004-ஐ நினைவூட்டுவார்கள். ஆல்பம் வேலைகளில் இறங்கியிருந்த இண்டியானா பேசர்ஸ் வீரர் ரான் ஆர்ட்டெஸ்ட் சீசன் நடுவே ஓய்வு கேட்டார். அணி அவரை இரண்டு ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது.

என்.பி.ஏ. வீரர் டேமியன் லில்லர்டிடம் இந்தப் புகார் எடுபடாது. 2019 ஏப்ரலில் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில் அவர் 50 புள்ளிகள் எடுத்தார். கடைசி நொடியில் 37 அடி தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போட்டுத் தொடரையே முடித்துவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், ‘டேம் டோலா’ என்ற மேடைப் பெயரில் அவருடைய மூன்றாவது ராப் ஆல்பம் வந்தது. 2016 முதல் 2023 வரை வந்த அவருடைய நான்கு ஆல்பங்களும் ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையில், சீசன் சூடுபிடிக்கும் முன்பே வெளியானவை. நேரத்தைப் பங்கிடத் தெரிந்தவருக்கு நேரம் ஒரு தடையே இல்லை.

வீரர்கள் ஆல்பம் போடும் இந்த வழக்கத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. முகம் தெரியாத பாடகன் ஒருவன் முதல் சில ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கிறான். பாட்டு சரியில்லை என்றால் கூட்டம் கலைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவன் திருந்துகிறான். நட்சத்திர வீரருக்கு அந்தப் பயிற்சிக் காலமே வாய்ப்பதில்லை. ஸ்டுடியோ, பெரிய தயாரிப்பாளர், புகழ்பெற்ற விருந்தினர் குரல் எல்லாம் முதல் நாளே வந்து சேர்ந்துவிடுகின்றன. வாங்குகிறவர் பாட்டுக்காக வாங்கினாரா, பெயருக்காக வாங்கினாரா என்பது பாடியவருக்கே தெரியாது.

‘ஷாக்’ என்று அழைக்கப்படும் கூடைப்பந்து நட்சத்திரம் ஷாகில் ஓ’நீல் இதற்கு முதல் சான்று. 1993-இல், 21 வயதில், ‘ஷாக் டீசல்’ ஆல்பத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் அது 10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் தகுதி பெற்றது. எரிக் செர்மன், அலி ஷஹீத் முஹம்மது போன்ற தேர்ந்த கைகள் அதில் வேலை செய்தன. ராப்பை உண்மையாகவே நேசித்தவர் அவர். 1996-இல் ராப்பர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அவருடன் சேர்ந்து பாடினார். ஆனால் அந்தப் பாட்டுகளில் இன்றும் நிற்பவை இசையமைப்பும் விருந்தினர் குரல்களும்தான். ஷாக்கின் வரிகள் பெரும்பாலும் தன் உருவத்தையும் ஆட்டத்தையும் சொல்லிச் சொல்லியே தீர்ந்துவிடுகின்றன.

இன்னொரு நட்சத்திர வீரர் கோபி பிரையன்டுக்கு நேர்ந்தது இன்னும் பாடம் தருவது. சோனி நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2000-இல் மாடல் டைரா பேங்க்ஸ் குரல் கொடுத்த ஒரு பாட்டு வெளிவந்தது, எடுபடவில்லை. முழு ஆல்பம் வெளிவரவே இல்லை. பெயர் கதவைத் திறந்துவிடும். உள்ளே போன பிறகு பாட்டுதான் பேச வேண்டும்.

லில்லர்ட் இந்தக் குறையை உணர்ந்தவர் என்றே நினைக்கிறேன். 2013-இல் அவர் இன்ஸ்டாகிராமில் ‘ஃபோர் பார் ஃப்ரைடே’ என்று ஒன்றைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் நான்கே நான்கு அடிகள் ராப் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் சேரலாம். முகம் தெரியாத இளைஞர்களின் நான்கு அடிகளுக்குப் பக்கத்தில் தன் நான்கு அடிகளையும் வைத்தார். தனக்குக் கிடைக்காத பயிற்சிக் காலத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டார். ‘ஃப்ரண்ட் பேஜ் மியூசிக்’ என்ற சொந்த நிறுவனமும் நடத்துகிறார். பிறந்து வளர்ந்த ஓக்லண்டையும் குடும்பத்தையும் பாடும்போது அவர் குரலில் நிதானமும் நேர்மையும் உண்டு.

குறையும் அங்கேயேதான். சொந்த நிறுவனத்தில் ‘இந்தப் பாட்டு வேண்டாம்’ என்று முதலாளியிடம் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். உழைத்தேன், நம்பிக்கை வைத்தேன், உயர்ந்தேன் என்ற ஒரே கதை பாட்டுக்குப் பாட்டு திரும்பி வருகிறது. 2019-இல் ஷாக்கும் அவரும் ராப்பிலேயே மோதிக்கொண்டபோது, லில்லர்டின் ஆட்டத்தையே ஷாக் குத்திக்காட்டினார். பதிலுக்கு லில்லர்டும் ஷாக்கின் கோப்பைகளையே இழுத்தார். யார் நல்ல ராப்பர் என்று தொடங்கிய சண்டை, யார் பெரிய ஆட்டக்காரர் என்று முடிந்தது. இசையின் வழக்கு கூடைப்பந்து மைதானத்திலேயே தீர்க்கப்பட்டது.

இந்த வலையிலிருந்து வெளியே வந்தவர் வேமன் டிஸ்டேல். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் வளர்ந்த பாதிரியார் மகன். 1984 ஒலிம்பிக் தங்கம், 1985 டிராஃப்டில் (என்.பி.ஏ.வின் புதிய வீரர் தேர்வில்) இரண்டாவது இடம், பிறகு 12 ஆண்டு என்.பி.ஏ. ஆட்டம். அவர் எடுத்தது பேஸ் கிட்டார். இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தானே கற்றுக்கொண்டார். அப்படிப் பிடித்தால் தடித்த தந்தி கீழே போய்விடும். மற்றவர்களின் விரல் பாடம் எதுவும் ஒத்துவராது. காதை நம்பித்தான் ஒவ்வொரு சுரத்தையும் தேட வேண்டும். பின்னால் நின்று தாளம் தாங்கும் அந்த வாத்தியத்தை முன்னால் கொண்டுவந்து, மெட்டையே அதில் வாசித்தார்.

1995-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் ‘பவர் ஃபார்வர்ட்’. களத்தில் அவர் ஆடிய இடத்தின் பெயர். அவரும் தொடக்கத்தில் ஆட்டப் பெயரை விற்றார்தான். ஆனால் 1997-இல் ஆட்டத்தை விட்டு இசைக்கே வந்துவிட்டார். 2001-இல் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ பில்போர்டின் சமகால ஜாஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருடைய ஸ்மூத் ஜாஸ் சில இடங்களில் அளவுக்கு மீறி இதமானது. அதிர்ச்சி தராது, கேள்வி கேட்காது. அந்தக் குறையைக்கூட இசையின் குறையாகவே பேச முடிகிறது என்பதுதான் அவர் வெற்றி. 2008-இல் எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த ஆண்டிலும் ஆல்பம் தந்தார். 2009 மே மாதம், 44 வயதில் இறந்தார்.

ஆகவே, வீரர்கள் பாடட்டும், வாசிக்கட்டும். முப்பதுகளிலேயே முடிந்துவிடும் தொழிலில் இருப்பவருக்கு இன்னொரு திறமையை வளர்த்துக்கொள்ள முழு உரிமை உண்டு. ஆனால் தன் பெயர் செல்லாத ஓர் இடத்தைத் தேடிப் போய் அங்கே தன்னைச் சோதித்துக்கொள்வது அவர் கடமை. டிஸ்டேலுக்கு அது வாத்தியம், லில்லர்டுக்கு அந்த நான்கு அடிகள். கேட்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ‘ஆட்டக்காரனுக்கு இது போதும்’ என்று சலுகை மதிப்பெண் போடுவது அவரைப் பாராட்டுவதாகாது. பாட்டு நன்றாக இருந்தால் நன்று என்போம். இல்லையென்றால் எங்கே தவறியது என்று எடுத்துச் சொல்வோம். இசைக்காரராக வந்தவருக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அதுதான்.