அளவும் எண்ணும்: திருவரங்கக் கோபுரமும் கணபதி தபதியின் கல்லும்

திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஒரு கல்தளம் மட்டுமே நின்றது. ஊரார் அதனை மொட்டைக் கோபுரம் என்றனர். 1979இல் திருப்பணி மீண்டும் தொடங்கி, 1987இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர இராசகோபுரமாக அது நிறைவெய்தியது. கைவிடப்பட்ட அடித்தளத்தின் மீது எவ்வளவு உயரம் எழுப்புவது என்ற வினாவுக்குச் சிற்பநூல் மரபில் விடையுண்டு. கோபுரத்தின் உயரமும் நிலைகளும் அதன் அடியகலத்தோடு பிணைத்தே வகுக்கப்படுகின்றன. ஆகவே முற்றுப்பெறாத அந்தத் தளம், தான் தாங்க வேண்டிய கோபுரத்தின் அளவை நானூறு ஆண்டுகளும் தன்னுள் வைத்திருந்தது எனலாம்.

இத்தகைய அளவுச் சிந்தனையை இருபதாம் நூற்றாண்டில் கல்லிலும் எழுத்திலும் ஒருசேர முன்வைத்தவர் வை. கணபதி தபதி (1927–2011). திருவரங்கக் கோபுரம் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதன்று. ஆயினும் அவர் படைப்புகளை மதிப்பிட அது தக்கதோர் அளவுகோலாகிறது. பிள்ளையார்பட்டித் தபதி மரபில் வந்தவர். காரைக்குடியில் கணிதம் பயின்றவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். பட்டறைப் பயிற்சியும் கல்லூரிக் கணிதமும் ஒருவரிடத்தே சேர்ந்ததால், மரபு வாய்வழியாகக் காத்த விதிகளை அவர் கணக்காகப் பார்த்தார். 'சிற்பச் செந்நூல்' அப்பார்வையின் விளைவே.

தபதியின் தொழிலில் எண் இருவகையாகச் செயற்படுகிறது. ஒன்று விகிதம். முகத்தின் நீளத்தைத் தாளம் என்னும் அலகாகக் கொண்டு உடல் முழுவதையும் வகுக்கும் முறை இதற்கு எடுத்துக்காட்டு. அலகு மாறினாலும் இவ்வளவை குலையாது. விரற்கடை உயரச் செப்புத் திருமேனிக்கும் ஆளுயரக் கற்சிலைக்கும் ஒரே வகுப்புப் பொருந்தும். மற்றொன்று எண்ணிக்கை. ஆயாதிக் கணக்கில் ஓர் அளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, எஞ்சுவதைக் கொண்டு யோனி காண்பர். ஒற்றைப்பட எஞ்சினால் அவ்வளவு கொள்ளத்தக்கது. இரட்டைப்பட எஞ்சினால் தள்ளத்தக்கது. இங்கே அலகு மாறினால் விடையும் மாறிவிடும். இவ்விரண்டையும் கணிதம் என்ற ஒரே சொல்லால் வழங்குவதே அவரைப் பற்றிய பாராட்டுரைகளில் தொடர்ந்து காணப்படும் மயக்கம்.

2000 சனவரி 1இல் திறக்கப்பட்ட கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த அதிகாரங்கள். மொத்தம் 133. பள்ளி மாணவரும் அறிந்த இப்பொருத்தம் அழகியதே. ஆனால் அது அடி என்ற ஆங்கில அலகை நம்பி நிற்கிறது. தபதி தம் எழுத்துகளில் வலியுறுத்திய அங்குலக் கணக்கிலோ முழக் கணக்கிலோ 133 கிடைக்காது. மீட்டரில் அது ஏறத்தாழ நாற்பதரை. மரபலகுகளின் காவலராக அறியப்பட்டவர் தம் தலையாய படைப்பின் பொருளை அயலலகில் எழுதினார் என்பது கவனிக்கத்தக்க முரண்.

எனினும் அவ்வெண்களுக்குள் அலகைச் சாராத ஒரு விகிதமும் இருக்கிறது. 38, 95 ஆகிய இரண்டும் பத்தொன்பதால் வகுபடும். பீடத்துக்கும் உருவத்துக்கும் உள்ள விகிதம் சரியாக 2:5. கண் உணர்வது இதனைத்தான். அதிகாரங்களின் பகுப்பு வேறாக இருந்து, பீடமும் உருவமும் சம உயரம் பெற நேர்ந்திருந்தால், எண் பொருந்தியும் சிலை தோற்றிருக்கும்.

உருவத்துக்குள் வந்தால் விகிதமே ஆட்சி செய்கிறது. முகம் 10 அடி. தோளகலம் 30 அடி, அதாவது மும்முகம். முழு உயரம் முகத்தைப் போல் ஒன்பதரை மடங்கு. இடையில் மெல்லிய வளைவு ஒன்று. எடைமிக்க கற்களை அடுக்கடுக்காக ஏற்றும் கட்டுமானத்தில் ஓர் உடலை ஒசிந்து நிற்கச் செய்வது எளிதன்று. ஒவ்வோர் அடுக்கும் கீழதினின்று சற்றே விலகியும், மொத்த எடை நடுவைவிட்டு வழுவாமலும் அமைய வேண்டும். உடலின் நடுவே செல்வதாகக் கருதப்படும் காயமத்திய சூத்திரம் என்னும் கற்பனைக் கோட்டைக் கொண்டே தபதி இதனை நிறுவினார். பாடநூல் விதியொன்று பொறியியலாக மாறும் இடம் இது. 2004 ஆழிப்பேரலையின் பின்னும் சிலை நின்றதை வியப்போர், அக்கோட்டையும் அடுக்குகளின் கணக்கையும் நினைப்பதில்லை; 133ஐயே மீண்டும் சொல்கின்றனர்.

அவருடைய பிற்காலக் கருத்துகளில் எண்ணிக்கை மேலோங்குகிறது. நடு அமெரிக்க மாயர் கட்டடங்களை அளந்து, அவை மயன் மரபின் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குப் பொருந்துவதாகக் கூறி, இரண்டையும் ஒரே மரபென்றார். பெயரொலியும் கட்டமும் மட்டும் வரலாற்றுச் சான்றாகா. அளந்த பின் அலகைத் தேர்ந்தால் எந்தக் கட்டடத்திலும் முழு எண் தோன்றும். திருவரங்கத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். கோபுரத்தின் 236 அடி உயரத்தை 166 அடி அடிநீளத்தால் வகுத்தால் 1.42, இரண்டின் வர்க்கமூலத்துக்கு மிக அருகில். கண்டவுடன் மனம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் கலசத்தைச் சேர்த்தோ விடுத்தோ, நீளத்துக்கு மாறாக அகலத்தை எடுத்தோ கணக்கிட்டால் அந்த வர்க்கமூலம் மறைந்துவிடும்.

அவருடைய அமெரிக்கக் கோட்பாட்டை ஏற்காதவரும் அவருடைய தாளக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. ஒன்றின் வீழ்ச்சி மற்றதைத் தொடுவதில்லை. சிற்பக் கல்வியில் இவ்விரண்டும் ஒரே மூச்சில் கற்பிக்கப்படும்போது, ஐயுறும் மாணவன் விகிதத்தையும் சேர்த்தே கைவிடுகிறான். நம்பும் மாணவன் உளியை வைத்துவிட்டு எண்களைத் தேடப் போகிறான்.