சன்னல் தராத ஒளி

உரோம் நகரில் பிரெஞ்சுக்காரர்களுக்கான சான் லூயிஜி தேவாலயத்தின் கொன்டரெல்லி சிற்றாலயத்தில், இடப்பக்கச் சுவரை நிறைத்து நிற்கிறது ‘மத்தேயுவின் அழைப்பு’. காரவாஜ்ஜோ (1571–1610) இதனை 1599–1600இல் தீட்டினார். வரி வசூலிப்பவர் ஒருவரை ஈஸா நபி (அலை) தம் சீடராக அழைத்தார்கள் என்னும் கிறித்தவ மரபுச் செய்தியே பொருள்.

நபிமார்களை உருவமாகத் தீட்டுவதை நம் மரபு ஏற்பதில்லை. அப்படியிருக்க இதை ஏன் ஆராய வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. ஒன்றை ஏற்பது வேறு. அது மனித உள்ளத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என அறிவது வேறு. மேலும், இவ்வோவியத்தின் வலிமை உருவத்தில் இல்லை என்பதே நம் துணிபு.

மேசையைச் சுற்றி ஐவர். வலக்கோடியில் நுழையும் மையப் பாத்திரத்தைப் பேதுருவின் முதுகு ஏறக்குறைய மறைத்துவிடுகிறது. பாதி இருளில் ஒரு முகம், நீட்டிய ஒரு கை, அவ்வளவே தெரிகிறது. சுவரில் சன்னல் ஒன்று உண்டு. அது அறைக்கு ஒளி தரவில்லை. வலப்புறம், சட்டத்திற்கு வெளியிலிருந்து, அக்கைக்கு மேலாகச் சாய்ந்து வருகிறது ஒளி. சிற்றாலயத்தின் பலிபீடத்துக்கு மேலுள்ள உண்மைச் சன்னலும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. பார்ப்பவன் நிற்கும் இடத்தின் வெளிச்சமே ஓவியத்துள்ளும் தொடர்வதாக ஓவியர் அமைத்துவிட்டார்.

அழைக்கப்பட்டவர் யார்? விரல் சுட்டும் தாடிக்காரர் என்பதே நெடுநாளைய கருத்து. மேசைக் கோடியில் குனிந்து காசெண்ணும் இளைஞனே மத்தேயு என இக்கால ஆய்வாளர் சிலர் வாதிட்டுள்ளனர். தாடிக்காரரின் விரல் தம்மையே சுட்டுகிறதா, பக்கத்திலிருப்பவனையா என்பது உண்மையிலேயே தெளிவாக இல்லை. இரண்டாவது வாசிப்பே நமக்கு ஆழமானதாகப் படுகிறது. ஒளி அறைக்குள் வந்துவிட்டது. இளைஞனும் அவனருகே மூக்குக்கண்ணாடியுடன் நிற்கும் முதியவரும் தலை நிமிரவில்லை. ஹிதாயத் வாசலில் நிற்க, கை காசில் இருக்கும் அந்தக் கணத்தை நாம் அறியாதவர்களா?

1563இல் திரெந்து பொதுச்சங்கம் சமயப் படங்களை மக்களுக்குப் போதிக்கும் கருவியாக வலியுறுத்தியது. அதன்பின் எழுந்த பரோக் கலையில் உணர்ச்சியைக் கிளறுவதே நோக்கமாகிப் போனதும் உண்டு. பெர்னினி 1647–1652இல் கொர்னாரோ சிற்றாலயத்தில் வடித்த ‘தெரசாவின் பரவசம்’ அவ்வகை. மறைந்த சன்னலின் ஒளி பொன்முலாம் பூசிய கதிர்கள்மேல் இறங்குகிறது; பக்கச் சுவர்களில், நாடக மாடத்தில் அமர்ந்தவர்கள்போல் கொர்னாரோ குடும்பத்தாரின் சிலைகள். திறமை வியப்பூட்டுகிறது. ஆயினும் அங்கே உருக வேண்டும் என்று நம்மை வற்புறுத்துகிறார்கள். காரவாஜ்ஜோவிடம் அந்த வற்புறுத்தல் இல்லை.

பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காட்சி நிகழ்கிறது என நிறுவிய இப்னுல் ஹைதமின் நூல், 1572இல் பாசல் நகரில் இலத்தீனில் அச்சேறியது. அதை வைத்துக் காரவாஜ்ஜோவை அவருடைய மாணவராக்கிப் பெருமை பேசுவது நம்மவரிடையே எளிதில் தொற்றும் பழக்கம், அதற்குச் சான்றில்லை. இருவருக்கும் பொதுவானது ஒன்றே: ஒளி வெளியிலிருந்து வருகிறது. அந்த இளைஞன் இன்னும் குனிந்தே இருக்கிறான்.