முழங்கை விழுந்த படங்கள்

2022 ஜூலை 9 அன்று கொல்லிமலையில், எடப்புளி நாட்டில், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் பஸ்ஸைப் போல, வாட்ஸ்அப் படங்களும் அங்கே முக்கி முனகித்தான் வந்து சேரும். முதலில் மங்கலாக ஒரு கட்டம், நடுவில் சுற்றும் வட்டம், பிறகு திடீரென்று நீலம். அது கொழும்பு ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகம். மாளிகைக்குள் நுழைந்துவிட்ட போராட்டக்காரர்கள் போட்ட உடுப்போடு குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "ஆடி பதினெட்டு வர இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள எங்கப்பா இம்புட்டுச் சனம் குளிக்குது?"

அறப்பளீஸ்வரர் கோயில் ஐயாற்றில் ஆடிக்கு மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தப் படத்தைப் பற்றி நான் பின்னால் படித்த கட்டுரைகளில் 'அரகலய' (சிங்களத்தில் போராட்டம்) இருந்தது, அந்நியச் செலாவணி இருந்தது. இந்தத் திருவிழா இல்லை. படத்தில் இருந்ததோ அதுதான். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்காக வரிசையில் நின்ற உடம்புகள் தண்ணீரைக் கண்டதும் என்ன செய்யுமோ அதைச் செய்தன.

செய்தி நிறுவனங்களின் நல்ல கேமராக்களும் அன்று அங்கே இருந்தன. அவற்றின் படங்கள் துல்லியமானவை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பத் தேடிப் போவது வந்தவர்களே செல்போனில் எடுத்தவற்றைத்தான். ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை விழுந்திருக்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கி, திரையைப் பார்க்காமலே அமுக்கியதால் பாதிப் படம் பிடரிகளாக இருக்கும். தொழில்காரர் அந்த முழங்கையை வெட்டி எறிந்திருப்பார். எனக்கு அந்த முழங்கைதான் வேண்டும். எடுத்தவர் எங்கே நின்றார், எவ்வளவு இடித்துக்கொண்டு நின்றார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

போராட்டம் நடந்த கொழும்பு காலிமுகத்திடலின் வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று கூட்டம் அங்கே வந்து உட்கார்ந்து, கூடாரம் போட்டு, 'கோட்டா கோ கம' என்று ஊருக்கே பெயர் வைத்தது. 'கோட்டா' அன்றைய ஜனாதிபதி கோட்டாபய, 'கோ' ஆங்கிலத்தில் போ, சிங்களத்தில் 'கம' என்றால் ஊர். திடலின் மேற்கே கடல். சாயங்காலம் சூரியன் நேரே கண்ணில் விழும். தேர்ந்தவர் அந்த எதிர்வெளிச்சத்தில் மனிதர்களைக் கருநிழலாக்கி அழகு பார்ப்பார். செல்போனுக்கு அந்த ரசனை இல்லை. அது முகத்தைத் தேடி முகத்துக்கே வெளிச்சம் கூட்டும். வானம் சுண்ணாம்பாக வெளுத்துப்போகும். அந்தப் படங்களில் கடலையும் காணோம், அந்தியையும் காணோம். முகங்கள் மட்டும் இருக்கின்றன. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. திடலை ஒட்டிய ஜனாதிபதி செயலகம் 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம். பருத்த தூண்கள் வரிசையாக நிற்கும். கீழே நின்று அகலக்கோண வில்லையை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் எல்லாம் பின்னால் சாய்ந்துவிடும். கட்டடக்கலைப் படம் எடுப்பவர்கள் மெனக்கெட்டு நிமிர்த்துகிற சாய்வு அது. அந்த மூன்று மாதமும் யாரும் நிமிர்த்தவில்லை.

மாளிகைக்குள் எடுத்தவை வேறு ரகம். மெத்தையில் படுத்தவர்கள், உடற்பயிற்சிக் கருவியில் நடந்து பார்த்தவர்கள், கண்டெடுத்த ஒரு கோடியே 78 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பணத்தை எண்ணிக் காவல்துறையிடம் ஒப்படைத்தவர்கள். அவற்றில் பெரும்பாலும் செல்ஃபி. சரித்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்த படம் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான். பிறகுதான் பட்டது, அரண்மனைக்கு முதுகைக் காட்டுவதே அன்றைய செய்தி.

இப்படி எடுத்துக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சிக்காரர்கள் வாந்தோம் சதுக்கத்து வெற்றித் தூணைச் சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்யூன் விழுந்ததும் அதே படங்களை வைத்துப் போலீஸ் ஆள் அடையாளம் கண்டது. கொழும்பிலும் கோட்டாபய ஜூலை 14 அன்று பதவி விலகி, 22 அதிகாலையில் ராணுவம் திடலைக் கலைத்த பிறகு கைதுகள் தொடங்கின. ஜனாதிபதிக் கொடியைப் படுக்கைவிரிப்பாக்கியவரை மாட்டிவிட்டது சமூக வலைத்தளத்தில் போட்ட காணொளிதான்.

தமிழ்க் கண் இந்தப் படங்களில் வேறொன்றையும் தேடுகிறது. 2009இல் ஈழப்போர் முடிந்தபோது கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர். போரின் கடைசி நாட்களில் தமிழர்கள் கொல்லப்பட்ட முள்ளிவாய்க்காலில் எடுத்த செல்போன் படங்களும் கைப்பழக்கம் இல்லாதவர்கள் எடுத்தவைதாம், ஆட்டமும் சாய்வும் உள்ளவைதாம். அவற்றில் சில, சிப்பாய்களே வெற்றிச் சின்னமாக எடுத்து வைத்துக்கொண்டவை. 2011இல் சேனல் 4 அவற்றை உலகத்துக்குக் காட்டியது. அங்கேயும் படச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு கை தெரியும். அந்தக் கையை என்னால் ரசிக்க முடியாது. இரண்டும் ஒரே கருவிதான், ஒரே கோணல்தான். மேலே முழங்கையைப் பற்றி எழுதியதை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூசுகிறது.

அதனால் நீச்சல் தடாகத்தைவிட எனக்கு முக்கியமான படங்கள் அதற்கு முன்னால் மே 18 அன்று எடுத்தவை. அதே காலிமுகத்திடலில், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள், சிங்களவர்களும் நின்றார்கள், நினைவாகக் கஞ்சி கொடுத்தார்கள். அதில் ஒரு படம் என்னிடம் இருக்கிறது. வெளிச்சம் போதாமல் எடுத்தது, எங்கும் பொரிப்பொரியாக இருக்கும். பல கை மாறி, ஒவ்வொரு மாற்றத்திலும் நசுங்கி வந்தது. முகம் கலைந்துவிட்டது, விளக்கின் மஞ்சள் மட்டும் தங்கியிருக்கிறது. காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் உருவம் குலையாதது என்று பழம்பாட்டுகள் சொல்லும் பாவை இந்தக் கொல்லிமலையில்தான் இருக்கிறதாம். என் படம் ஆறேழு பேர் அனுப்பியதற்கே குலைந்துவிட்டது.

அதையும் பெரியப்பாவிடம் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். குளத்துப் படத்துக்குச் சிரித்தவர் இதற்கு ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. சுருக்கினார். மறுபடியும் விரித்தார்.