தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு: எடுக்கலாமா, விடலாமா?

கரையான்சாவடி சந்திப்பிலிருந்து ஆவடி சாலைக்குத் திரும்பினால், கடைப் பெயர்ப்பலகைகளில் பெயரைவிடப் பெரிதாக இருப்பது செல்போன் எண். மோட்டார் காயில் கட்டுபவர், பிளம்பர், வாட்டர் கேன் போடுபவர் என எல்லோருக்கும் பிழைப்பைக் கொண்டுவருவது அந்த எண்தான். மாங்காட்டில் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்ட வீட்டுக்காரர் முதல்முறை அழைக்கும்போது, கடைக்காரரின் போனில் அவர் வெறும் தெரியாத எண். லோன் வேண்டுமா என்று கேட்பவரும் அப்படியே. இணையம் வழியே அழைப்பவரை அடையாளம் காட்டும் செயலிகள் இந்த இருவரையும் பிரித்துக் காட்டுகின்றனவா என்பதே இங்கே கேள்வி.

இந்த வகையில் நம்மூரில் பலரும் வைத்திருப்பது ட்ரூகாலர். 2009-ல் சுவீடனில் தொடங்கிய நிறுவனம்; அதன் மிகப் பெரிய சந்தை இந்தியா. மோட்டார் ரிப்பேர் கடை ஒன்றின் ஆண்ட்ராய்டு போனில் அதை நிறுவியபோது தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், எஸ்எம்எஸ் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. எஸ்எம்எஸ் அனுமதி மறுக்கப்பட்டது. ஓடிபி வந்து விழும் பெட்டியைத் திறந்து காட்டாமலேயே பெயர் காட்டும் வேலை நடக்கும்.

அழைப்பு வந்ததும் திரையில் பெயர் தெரிகிறது. பலர் புகார் செய்த எண் என்றால் திரை சிவப்பாகிறது. கையில் கிரீஸோடு நிற்பவருக்கு அந்த நிறமே போதும், எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம். இலவசப் பதிப்பில் அழைப்பு முடிந்ததும் விளம்பரம் வரும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால், சேமிக்காத எண்ணுக்குப் பெரும்பாலும் பெயர் வராது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தவருக்கு இந்தச் சேவை பாதிதான்.

இன்னொரு குறையும் உண்டு. இத்தகைய செயலிகளில் முத்திரை குத்துவது பயனர்களின் புகார்கள். ஒரே நாளில் பல புதிய எண்களை அழைக்கும் டெலிவரி ஊழியரையும் எரிச்சலில் யாராவது ஸ்பேம் என்று குறித்துவிடலாம். அதனால் சிவப்பை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. தானாகவே அழைப்பைத் துண்டிக்கும் வசதியைக் கடைக்காரர்கள் போடவே கூடாது.

செயலியே இல்லாமலும் நிறைய நடக்கும். ஏர்டெல் 2024 செப்டம்பரில் நெட்வொர்க்கிலேயே ஸ்பேம் எச்சரிக்கையைத் தொடங்கியது; கட்டணம் இல்லை, எதையும் நிறுவ வேண்டாம், 2025-ல் தமிழிலும் எச்சரிக்கை வரத் தொடங்கியது. எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் 1909-ஐ அழைத்து, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி பதிவைச் செய்யலாம். பதிவுசெய்த விளம்பரதாரர்களின் அழைப்புகள் 140 வரிசையில் வரும். வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வங்கி மேனேஜர் பேசுகிறேன் என்றால் அங்கேயே வைத்துவிடலாம்.

இந்த நெட்வொர்க் ஏற்பாடுகள் எதுவும் வாட்ஸ்அப் அழைப்பைத் தொடாது. போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, டிஜிட்டல் கைது என்று மிரட்டும் கும்பல் நுழையும் வாசல் பெரும்பாலும் அதுதான். வாட்ஸ்அப் அமைப்புகளில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி 2023 முதல் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்களின் போனில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அழைப்பு பட்டியலில் பதிவாகும், மணி மட்டும் அடிக்காது.

ஆக, அன்றாடப் பயனருக்கு டிஎன்டி பதிவு, நெட்வொர்க் எச்சரிக்கை, வாட்ஸ்அப் அமைப்பு மூன்றும் போதும். மூன்றுக்கும் செலவு இல்லை. நாள் முழுக்கப் புது எண்களோடு பேசும் தொழில்காரர், டேட்டா எப்போதும் இருந்தால், அனுமதிகளைக் குறைத்துக்கொண்டு ட்ரூகாலரைச் சேர்த்துக்கொள்ளலாம். பணமே பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

அழைப்பவரின் பெயரை நெட்வொர்க்கே காட்டும் சிஎன்ஏபி முறையை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர்தான் அதில் வரும். மனைவி பெயரில் சிம் வாங்கிய பிளம்பர் வாடிக்கையாளரைத் திருப்பி அழைத்தால், அங்கே மனைவியின் பெயர் தோன்றும். வணிக இணைப்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் வர்த்தகப் பெயரைக் காட்ட அந்தப் பரிந்துரையில் இடமிருக்கிறது. ஒற்றை சிம்மோடு தொழில் செய்பவர்களுக்கும் அந்த வசதியைத் தொலைத்தொடர்புத் துறை தர வேண்டும்.