எடைக் குறைப்பு அறுவை: தராசு காட்டாத கணக்கு

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையின் வெற்றியை நாம் கிலோவில் அளக்கிறோம். விளம்பரங்களில் வரும் 'முன்–பின்' படங்கள் இடுப்பளவைத்தான் காட்டுகின்றன. அந்த அளவுகோலில் இச்சிகிச்சை எளிதாகத் தேறிவிடும். ஐந்தாண்டு கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையை அளவுகோலாக வைத்தால் தேறுமா?

முதலில் அதன் பக்கத்து நியாயம். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று ஏறத்தாழ 4,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு சுமார் கால் பங்கு குறைவு என்று அதன் முடிவு 2007-இல் வெளிவந்தது. பலருக்கு நீரிழிவு கட்டுக்குள் வருகிறது. சிலர் இன்சுலினையே விட்டுவிடுகிறார்கள். கடும் பருமனில் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இவ்வளவு எடையை இறக்கி, இறக்கியதை நிலைநிறுத்துவது அரிது. 'வாயைக் கட்டினால் போதாதா' என்று கேட்பவர்கள் இந்த உண்மையைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் எடையைக் குறைக்கும் அதே வழிதான் சத்தையும் குறைக்கிறது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுக்கிறார்கள். 'பைபாஸ்' முறையில் சிறு பை ஒன்றை மட்டும் விட்டு, உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் கீழே இறங்கும்படி தைக்கிறார்கள். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அந்த முன்சிறுகுடலில்தான். பி12-இன் பாதை இன்னும் சுற்று. இரைப்பை அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். இரைப்பைச் சுவர் சுரக்கும் தனிப் புரதம் ஒன்று அதோடு சேர வேண்டும். அதன் பிறகே சிறுகுடலின் கடைக்கோடியில் அது உடலுக்குள் போகும். அறுவைக்குப் பின் அமிலமும் குறைவு, அந்தப் புரதமும் குறைவு.

பி12-இன் நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலின் இருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்கும். இதுவே ஆபத்தாகவும் முடிகிறது. எல்லோரும் அக்கறையாக இருக்கும் முதலாண்டில் குறை தெரியாது. மருத்துவமனைப் பக்கம் போவதே நின்றுபோன மூன்றாம் ஆண்டில் தெரியும். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த இருப்பே தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். பி12-ஐ உருவாக்குபவை நுண்ணுயிரிகள் மட்டுமே. காய், கீரை, பருப்பு எதிலும் அது கிடையாது. பாலில் 100 மி.லி.க்குச் சுமார் அரை மைக்ரோகிராம் உண்டு. நாளுக்கு அரை லிட்டர் பால் தேவைப்படும் கணக்கு, சுருங்கிய இரைப்பைக்குச் சுலபமல்ல. அதோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை. இவை தனித்தனியாகவே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. இங்கே ஒரே ஆளிடம் எல்லாம் சேர்கின்றன.

தயாமின் என்னும் பி1-இன் கதை நேர்மாறு. அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். முதல் மாதத்தில் வாந்தி நிற்காதவருக்கு வீட்டில் கஞ்சியும் இளநீரும் பழச்சாறும் தருவார்கள். எல்லாமே மாவும் சர்க்கரையும்தான். அவற்றை எரிக்கவே தயாமின் வேண்டும். அசதி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகவே தப்பலாம். தயாமின் குறைவால் வரும் பெரிபெரியை ஆராய 1918-இல் குன்னூரில் தொடங்கிய பிரிவுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அன்று தீட்டிய அரிசியால் வந்த நோய், இன்று நவீன அறுவையின் பின்விளைவாக எட்டிப்பார்க்கிறது.

இதற்கெல்லாம் மாற்று இல்லையா? இருக்கிறது, விலையும் பெரிதில்லை. உறிஞ்ச உதவும் புரதம் இல்லாவிட்டாலும் பி12 மாத்திரையில் சுமார் 1 சதவீதம் தானாகவே உள்ளே போகும். அதனால்தான் தினம் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி என்று பரிந்துரைக்கிறார்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45–60 மி.கி. இரும்பு, எல்லோருக்கும் 1,200–1,500 மி.கி. கால்சியம், 3,000 யூனிட் வைட்டமின் டி. அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் ஏற்றது.

சிக்கல் இதைக் கடைப்பிடிப்பதில். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை ஒரே வேளையில் விழுங்கவும் முடியாது. பிரித்துப் போட வேண்டும். இரும்பு மாத்திரையை ஒட்டிக் காபி, டீ கூடாது. காலைக் காபியோடு விடியும் வீட்டில், எட்டரை மணிப் பஸ்ஸைப் பிடிக்கும் பெண்ணுக்கு இந்த அட்டவணை எத்தனை ஆண்டு நிலைக்கும்? டிஸ்சார்ஜ் தாளில் 'மல்டிவைட்டமின் தினம் ஒன்று' என்று எழுதிவிட்டால் இந்த நுணுக்கம் எதுவும் நோயாளிக்குப் போய்ச் சேராது.

இன்னொரு பொறியும் உண்டு. ரத்தசோகை என்றதும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருவது நம் வழக்கம். ஹீமோகுளோபின் ஏறும், எல்லோருக்கும் நிம்மதி. பி12 குறைவு மட்டும் மறைந்தபடியே நரம்பை அரிக்கும். கால் மரத்துப்போனால் 'சர்க்கரை இருந்தவர்தானே' என்று அதையும் பழைய நோயின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பணம் போகும் வழியும் இதே கதைதான். உடல் நிறை குறியீடு 40-ஐ எட்டினாலோ, கடும் துணைநோய்களோடு 35-ஐ எட்டினாலோ மருத்துவக் காப்பீடு அறுவைக்குக் கைகொடுக்கிறது. அறுவைக்குப் பிந்தைய செலவை ஏற்பதோ பெரும்பாலும் சில மாதங்களோடு முடிந்துவிடும். ஆயுளுக்கும் தொடரும் மாத்திரையும் பரிசோதனையும் நோயாளியின் கைக்காசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பருமனானவர்களில் பலர் அறுவைக்கு முன்பே வைட்டமின் டி, இரும்புக் குறைவோடுதான் வருகிறார்கள். எல்லாப் பழியையும் கத்தியின் மேல் போடுவது நேர்மையாகாது. இருக்கும் குறையைக் கண்டுபிடித்து நிரப்பாமல் நோயாளியை மேசையில் ஏற்றுவதுதான் தவறு.

ஆகவே குறை அறுவையில் இல்லை; அதை ஒரு நாள் காரியமாக விற்பதில் இருக்கிறது. குறைந்தது ஐந்தாண்டுப் பரிசோதனைச் செலவையும் சேர்த்துத்தான் அதன் விலையைச் சொல்ல வேண்டும். உணவுத் தாள் சைவருக்கு வேறாகவும் அசைவருக்கு வேறாகவும் எழுதப்பட வேண்டும். பின்தொடர் கவனிப்புக்கு வழியில்லாத நோயாளியிடம், வழி பிறக்கும்வரை தள்ளிப்போடுங்கள் என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும்.