டூட், கைஸ்: இரண்டு சொற்களை ரசிப்பது எப்படி?

யூடியூபில் "ஹாய் கைஸ்", கல்லூரி வாசலில் "டூட்". இரண்டும் இன்று சாதாரண அழைப்புகள். ஆனால் இரண்டுமே ஒருவரின் உடையைப் பார்த்துச் சிரித்த கேலியில் வளர்ந்தவை. அந்த உடையை மனதில் வைத்துக் கேட்டால் இவற்றின் ருசியே வேறு.

முதலில் 'கை'. 1605 நவம்பர் 5 அன்று, லண்டன் நாடாளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கொல்லும் சதி அது. மன்னர் தப்பியதைக் கொண்டாட ஆண்டுதோறும் தீ மூட்டினார்கள். பிற்பாடு, கந்தல் துணிக்குள் வைக்கோல் திணித்து ஃபாக்ஸின் உருவபொம்மையைக் கொளுத்தும் வழக்கம் வந்தது. பொம்மைக்கும் 'கை' என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டில் கன்னாபின்னாவென்று உடுத்தியவர்களும் 'கை' ஆனார்கள். அமெரிக்கா போனதும் கேலி உதிர்ந்து, வெறும் 'ஆள்' மிஞ்சினான்.

'டூட்' இதற்கு நேர் எதிர். 1883, நியூயார்க். ஒட்டிப்பிடித்த கால்சட்டை, கூர்முனைக் காலணி, தாடையை முட்டும் காலர், கையில் பிரம்பு, வாயில் இரவல் லண்டன் உச்சரிப்பு. இப்படி மினுக்கிய பணக்கார இளைஞர்களைப் பத்திரிகைகள் 'டூட்' என்று கிண்டலடித்தன. 'யாங்கி டூடுல்' பாட்டிலிருந்து இச்சொல் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 20ஆம் நூற்றாண்டில் கறுப்பின, மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் அதைத் தங்களுக்குள் அழைக்கும் சொல்லாக்கினார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரசிக்க முதல் வழி, ஆண்டைப் பார்ப்பது. 1880களின் 'டூட்' மடிப்புக் கலையாத மைனர். 1998இல் வந்த 'தி பிக் லெபோஸ்கி' படத்தின் 'டூட்' குளியல் அங்கியோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவர். சொல் அப்படியே தலைகீழாகிவிட்டது!

இரண்டாவது, யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒருமையில் 'கை' ஆண்தான். 'யூ கைஸ்' என்றால் பெண்களும் அடக்கம். ஒருவருக்கும் பலருக்கும் ஒரே 'யூ' வைத்திருக்கும் மொழியில், 'நீங்கள் எல்லாரும்' என்று சொல்ல அது கைகொடுக்கிறது.

மூன்றாவது, குரல். 'டூட்' நீண்டால் வியப்பு, வெட்டினாற்போல் வந்தால் அலுப்பு. மொழியியலாளர் ஸ்காட் கீஸ்லிங் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், நெருக்கத்தையும் அதிகம் ஒட்டாத இடைவெளியையும் அது ஒருசேரக் காட்டுவதாக விளக்கினார். அடுத்த ஆங்கிலப் படத்தில் வசன எழுத்துகளை அணைத்துவிட்டு, அந்த ஒற்றை அசைக்குக் காது கொடுங்கள். பேசுகிறவர்களின் உறவு முழுக்கப் புரியும்.